கழற்றிக் கொண்டுபோன எஞ்சின்

எங்கள் பெற்றோல் செட்டில் இரண்டு பம்புகள். இரண்டுமே பழுதில்லாதவை. மீற்றர் சரி, குழாய் சரி, மின்சாரம் இருக்கிற நேரத்தில் மோட்டரும் சரி. மேலிடத்திலிருந்து விசாரிக்கும்போதெல்லாம் முதலாளி, "ரெண்டு பம்பும் நல்லா வேலை செய்யுது" என்று சொல்லுவார். ஊரெல்லாம் வரிசையில் நின்ற அந்த வருஷத்திலும் அப்படியேதான் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வருகிறவர்களுக்கு அடிப்பதற்கு எண்ணெய் மட்டும்தான் இல்லை. சனம் அந்தப் பம்பைப் பார்த்த பார்வையையும், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்த பார்வையையும் நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அந்தப் பெற்றோல் செட்டின் மேற்பார்வையாளன். ஏறாவூருக்குக் கிட்ட, பிரதான வீதியோரம் இருக்கிறது. பின்னால் ஒரு வெறும் வளவு, அதைத் தாண்டினால் ரயில் பாதை. கொழும்பிலிருந்து ரயில் தாங்கிப் பெட்டிகளில் எண்ணெய் மட்டக்களப்புக்கு வரும், அங்கிருந்து பவுசர் லொறியில் எங்களுக்கு வரும். ரயிலை இங்கே கோச்சி என்போம். அதனால் அது எண்ணெய்க் கோச்சி. நல்ல காலத்தில் அது போவதையும் வருவதையும் யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தண்டவாளக் கடவையில் மறித்துவிட்டால் "சனியன், இந்த நேரம் பாத்து வருது" என்று திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். அந்த வருஷம் அதே சனம் வீதியோரத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, எண்ணெய்க் கோச்சி வெளிக்கிட்டுதா, எங்கே நிற்குது, எத்தனை தாங்கி என்று பிள்ளைப்பேற்றுக்குப் போனவளை விசாரிப்பது போல என்னிடம் விசாரித்தது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், மனைவியின் தம்பி மூலம். மச்சான் மட்டக்களப்பு ஸ்டேசனில் எஞ்சின் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோறு தின்றுகொண்டே எஞ்சின்களைப் பற்றிப் புலம்புவான். அவன் கல்யாணம் கட்டியதே எஞ்சினைத்தான் என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

"எத்தினை எஞ்சின் இரிக்கி எண்டு கேட்டா ஒரு கணக்குச் சொல்லுவாங்க அத்தான். காலையில எத்தினை வெளிக்கிடும் எண்டா அது வேற கணக்கு. வெளிக்கிட்டதில எத்தினை போய்ச் சேரும் எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறல்ல" என்பான்.

சாமான் இழுக்கிற எஞ்சின்கள் அப்போது புதுசு. உள்ளே கம்ப்யூட்டர். சூடு ஏறினால், தண்ணீர் குறைந்தால், எண்ணெய் அமுக்கம் விழுந்தால் தானாகவே நின்றுவிடும். பழைய எஞ்சின் என்றால் இருமி, புகை கக்கி, கெட்ட வார்த்தை சொல்ல வைத்தாவது எப்படியோ வந்து சேருமாம். புதுசு வம்புக்கே வராது. அதற்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தால் போதும், நடுக்காட்டில் கம்மென்று நின்றுவிடும். பல நேரம் எஞ்சினில் ஒரு குறையும் இருக்காதாம், சூட்டைப் பார்த்துச் சொல்கிற ஒரு விரலளவு சாமான்தான் பிழையாகச் சொல்லியிருக்கும். அந்த விரலளவு சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நாட்டில் அரிசி இறக்கவே டொலர் இல்லை. ஆகவே ஒரு எஞ்சினைப் பிரித்து அதிலுள்ளதை எடுத்து மற்றதற்குப் பூட்டினார்கள். பிரித்த எஞ்சினும் கணக்கில் எஞ்சின்தான்.

"உங்கட பம்ப் மாதிரித்தான் அத்தான்" என்று சொல்லிவிட்டு மச்சான் மீன் முள்ளை ஒதுக்குவான். நான் சிரிப்பேன். அந்தக் கதை என் வீட்டு வாசலுக்கே வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். வந்தாறுமூலை கம்பஸில் வணிகம் படித்துப் பட்டம் எடுத்தவள். பட்டம் எடுத்து இரண்டு வருஷமாக வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் போடாத இடமில்லை. கடைசியில் கட்டாரில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்தது. பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று மனைவி ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நான் மகள் பக்கம். "இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாள்? என்னோட சேர்ந்து வெறும் பம்பைப் பாத்துக்கொண்டு நிக்கவா?" என்று கேட்டேன். மனைவி பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பயணம் பிந்திக்கொண்டே போய், விசாவின்படி அந்த நாட்டுக்குள் போகவேண்டிய கடைசி நாளுக்கு முதல் இரவு விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்கு. கம்பனிக்காரன் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தான். நாங்களும் முட்டாள்கள் இல்லை, ஒரு நாள் முந்தியே கொழும்புக்கு அனுப்பி, அவளோடு படித்த பிள்ளையின் வீட்டில் தங்க வைப்பது என்றுதான் இருந்தோம். அந்தக் காலையில் ஸ்டேசனுக்குப் போனால், கோச்சி ஓடாது என்றார்கள். ஏன்? எஞ்சின் இல்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. வாடகை வானுக்கும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். வழியெல்லாம் மகள் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள், நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை கோச்சி உண்டு என்று மச்சான் சத்தியம் பண்ணினான். "புது எஞ்சின், நான்தான் கையால பாத்துப் பூட்டினது. இது நிக்காது அத்தான். என்னை நம்புங்க." அது உண்மையும்தான். ஏறாவூர் ஸ்டேசனில் வந்து நின்ற எஞ்சின் ஒரு புகை, ஒரு இருமல் இல்லாமல் சுத்தமாக இரைந்துகொண்டு நின்றது. கோச்சிக்குள் நிற்கவும் இடமில்லை. பஸ் ஓடாத காலத்தில் ஊரே அதற்குள்தான் ஏறியது. ஜன்னலால் பெட்டியைக் கொடுத்து, யாரோ ஒரு புண்ணியவான் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்க, மகள் உள்ளே போனாள். இரவு விமானத்துக்குத் தாராளமாக நேரம் இருந்தது. நான் கூடப் போகவில்லை. பவுசர் எந்த நேரமும் வரலாம், செட்டை விட்டு அசையக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். "வரிசையில நிக்கிற ஆக்களோட சண்டை பிடிக்காதீங்கப்பா" என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள். என் கோபம் அவளுக்குத் தெரியும்.

செட்டுக்கு வந்தேன். வரிசை அசையாமல் அப்படியே கிடந்தது. முன்னுக்கு ஒரு விவசாயி, உன்னிச்சைப் பக்கத்து ஆள். பிளாஸ்டிக் கானில் எண்ணெய் வாங்குகிறவர்களின் வரிசையில் முதலாவதாக நின்றார். அவருடைய வட்டையில் நெல் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. வெட்டு மெசின் வரம்பில் வந்து நிற்குது, ஊற்ற டீசல் இல்லை. மழை வந்தால் முடிந்தது கதை. நாள்கணக்காக இரண்டு வெறும் கானைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். வீட்டிலிருந்து வருகிற சோற்றில் எனக்கும் ஒரு பிடி வைப்பார். மற்றவர்கள் என்னைக் கண்டால் பல்லைக் கடிப்பார்கள், அவர் மட்டும், "நீங்க என்ன செய்வீங்க தம்பி, நீங்களா கிணறு தோண்டுறது" என்பார்.

கொஞ்ச நேரத்தில் மச்சானின் போன். எண்ணெய்க் கோச்சி வெலிக்கந்தை ஸ்டேசனைத் தாண்டிவிட்டது! நான் வரிசைக்குச் சொன்னேன். படுத்திருந்தவர்கள் எழும்பிப் பாயைச் சுருட்டினார்கள். ஒருவர் முகம் கழுவி, தலை வாரி, ஆட்டோக் கண்ணாடியில் பார்த்துத் திருநீறும் பூசிக்கொண்டார்.

அதன் பிறகு சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றோம். கடைசியில் நானே மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"நிண்டிட்டு அத்தான்" என்றான்.

"எது?"

"எண்ணெய்க் கோச்சி. புனானைக்கு இங்கால, காட்டுக்குள்ள. எஞ்சின் நிண்டிட்டு. திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்றாங்க, சூடு எண்டு சொல்லி அது தானா நிக்குது. அதில ஒரு சூடும் இரிக்காது, எனக்குத் தெரியும், அந்த நாசமாப்போன சென்சர்தான். நான் பக்கத்தில நிண்டிருந்தா..."

அவன் பக்கத்தில் நிற்கவில்லை, மட்டக்களப்பில் நின்றான். இதை நான் வரிசைக்குச் சொல்லவில்லை. திருநீறு பூசியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது வெட்டு மெசினும் வரிசையும்தான். ஒற்றைப் பாதையில் எதிரே நின்றுவிட்ட கோச்சிக்கு இந்தப் பக்கத்தில் என் மகள் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை. அவளே போன் எடுத்தபோதுதான் உறைத்தது.

"அப்பா, வாழைச்சேனையில நிக்குது. எங்கட எஞ்சினைக் கழட்டுறாங்க."

"ஏன், பழுதா?"

"இல்ல. நல்ல எஞ்சின் எண்டுதான் கழட்டுறாங்களாம். முன்னால எண்ணெய்க் கோச்சி நிண்டிட்டாம், அதை இழுக்கப் போகுதாம். இஞ்ச சனம் ஸ்டேசன் ஐயாவோட சண்டை. கொஞ்சப் பேர் தண்டவாளத்தில இறங்கி மறிக்கிறாங்க."

இந்தப் பாதையில் இது வழமைதான். சாமான் கோச்சி வழியில் பழுதாகி நின்றால், கிட்ட நிற்கிற பயணிகள் கோச்சியின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய் இழுத்து வருவார்கள். ஆக்கள் பெட்டிக்குள் எஞ்சின் இல்லாமல் இருப்பார்கள். வருஷக்கணக்காக இங்கே கோச்சி ஏறுகிறவனுக்கு இது தெரியும். அப்படிக் கழற்றிய எஞ்சின் சொன்ன நேரத்துக்குத் திரும்பாது என்பதும் தெரியும். அதனால்தான் சனம் மறித்தது.

மச்சானுக்கு எடுத்தேன். அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "அத்தான், பயப்பிடாதீங்க. வேற எஞ்சின் கிட்டடியில இல்ல. இது போய் எண்ணெய்க் கோச்சியை வாழைச்சேனைக்கு இழுத்து விட்டிட்டு உடன திரும்பப் பூட்டும். போய் வாறதுதான் நேரம். பிள்ளை பிளேனைப் பிடிப்பாள்."

"சத்தியமா?"

"அப்பிடித்தான் எனக்குச் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வரிசை முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்குது. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது. "என்ன, என்ன செய்தி?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "எண்ணெய்க் கோச்சி வழியில நிண்டது. இழுக்கிறதுக்கு வேற எஞ்சின் போகுது. வந்திரும்."

கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். உன்னிச்சை விவசாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்கட வாய்க்குச் சீனி போடோணும் தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும் கலங்கியது. அவர் தன் நெல்லுக்காகத்தான் நானும் கலங்குகிறேன் என்று நினைத்திருப்பார். அந்த எஞ்சின் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அவர்களிடத்தில் நின்றிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்து மனைவி போன் எடுத்தாள். மகள் அவளுக்கும் சொல்லியிருந்தாள். மனைவி அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மெதுவாகக் கேட்டாள்:

"ஆஸ்பத்திரி வண்டிக்கெண்டு வச்ச டீசல் இரிக்கிதா?"

இருந்தது. தாங்கியின் அடியில், அம்புலன்சுகளுக்கென்று ஒதுக்கிய கொஞ்சம். அது இருப்பது வரிசைக்கும் தெரியும்.

"ஒரு வானுக்கு அடிச்சு வாழைச்சேனைக்கு அனுப்புங்க. இப்ப வெளிக்கிட்டா நேர எயார்போட்டுக்குப் போயிரலாம். நேரம் இரிக்கி. ஒரு வானுக்குத்தானே கேக்கிறன்."

வான்கள் வரிசையில் நின்றன. சாரதி ஒருவரை எனக்கு நல்ல பழக்கம், சொன்னால் பறந்திருப்பார். பம்பின் சாவி என் சட்டைப்பையில். நான் பம்ப்வரைக்கும் நடந்து போனேன். ஆள் நடந்தாலே வரிசை திரும்பிப் பார்க்கும். அத்தனை கண். ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் நின்றாள். அவள் எதற்கு நின்றாளோ தெரியாது. நான் பம்பின் தூசியைத் துடைப்பது போலத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் பெரிய நீதிமான் என்பதால் அல்ல. அடி விழும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி மச்சானின் சொல். எஞ்சின் திரும்பி வந்து பூட்டும் என்று அவன் சொன்னானே, அந்த நம்பிக்கை. மனைவிக்கு, "கொஞ்சம் பொறு, எஞ்சின் வருகுதாம்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மகளோடு போனில் இருந்தபோதுதான் அது நடந்தது. அவள் வாழைச்சேனை மேடையில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். எஞ்சினின் கூவல் எனக்கே போனில் கேட்டது. "வருகுதப்பா, வருகுது" என்றாள். சனம் சந்தோஷத்தில் கத்துவது கேட்டது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற அமளி கேட்டது. பிறகு அந்தச் சத்தம் மாறியது.

"அப்பா, அது நிக்கல்ல."

"என்ன?"

"நிக்கல்ல அப்பா. எண்ணெயை இழுத்துக்கொண்டு நேர மட்டக்களப்புப் பக்கம் போகுது. எங்களுக்கு முன்னாலேயே போகுது. டிரைவர் எங்களைப் பாக்காம மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போறார்."

ஒவ்வொரு தாங்கியாகக் கடந்து போகிற தடதட சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்து போகும்வரைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

மச்சானைப் பிடித்து வாயில் வந்தபடி ஏசினேன். இன்றைக்கும் அவனுக்குச் சொல்லக்கூடாத வார்த்தைகள். அவன் நடந்ததைச் சொன்னான். எண்ணெய்தான் முக்கியம், வாழைச்சேனையில் விட்டால் பிறகு அதை இழுக்க எஞ்சின் எங்கே, முதலில் எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பயணிகளைப் பார்ப்போம் என்று மேலிடத்தில் கடைசி நேரம் மாற்றிவிட்டார்களாம். "நான் சொல்லிப் பாத்தன் அத்தான். பிளேனுக்குப் போற பிள்ளை ஒண்டு இரிக்கி எண்டும் சொன்னன். அதுக்கு, எல்லாரும் எங்கயோ போறதுதானே எண்டாங்க." அவன் குரல் உடைந்தது. "நான் அதை நல்லாச் செஞ்சது பிழையாப் போயிட்டு. அது காலையில வெளிக்கிடாம விட்டிருந்தா பிள்ளை வீட்ட நிண்டிருப்பாள். வானுக்கு ஏதாவது பாத்திருக்கலாம். ஓடுறதாலதான் அதை எடுத்தாங்க."

அவனோடு இனிக் கோபித்து என்ன பயன். நல்ல எஞ்சின் இரண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இருந்தது ஒன்று. அதற்கு முன்னால் ஒரு ஊரின் எண்ணெயும் என் மகளும். அவர்கள் செய்தது பிழை என்று என்னால் உரத்துச் சொல்லவும் முடியவில்லை. அதுதான் என்னை அரித்தது, இன்றைக்கும் அரிக்கிறது. யாரையாவது முழுதாகத் திட்டக் கிடைத்திருந்தால் ஆறியிருப்பேன்.

மனைவி மறுபடி போன் எடுத்தாள், நான் பதில் கொடுக்கவில்லை. இனி வானை அனுப்பவா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே செட்டுக்குப் பின்னால் கூவல் கேட்டது. வரிசை முழுவதும் வாகனத்தை விட்டுவிட்டு வளவுக்குள் ஓடியது. யாரோ சீனவெடி வைத்திருந்திருக்கிறான், கொளுத்திவிட்டான். நானும் போய் நின்றேன். காலையில் ஏறாவூரில் பார்த்த அதே எஞ்சின். பின்பக்கமாக ஓடி வந்தது, அதன் பின்னால் செத்துப்போன சாமான் எஞ்சின், அதன் பின்னால் வரிசையாகத் தாங்கிகள். நின்றுபோன எஞ்சின் பார்க்க அதைவிடப் புதுசாக, பெயின்ற் மங்காமல் இருந்தது. சனம் கையசைத்தது. டிரைவர் இந்த முறை மற்றப் பக்கம் பார்க்கவில்லை, இவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். உன்னிச்சை விவசாயி கோச்சியைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

மட்டக்களப்பில் தாங்கிகளைக் களஞ்சியத்துக்குள் தள்ளிவிடவும் அந்த எஞ்சினைத்தான் வைத்திருந்தார்கள். வேறு இல்லை. மகளுக்கு எடுத்து, "அப்பா ஒரு வான் அனுப்பவா?" என்று கேட்டேன். அவள் கணக்குப் படித்தவள். "இனி வான் பறந்தாலும் சரிவராதப்பா. அந்த டீசலை வீணாக்காதீங்க" என்றாள். அம்மா அவளிடம் அந்தக் கதையும் சொல்லியிருக்கிறாள் போல. நான் பம்ப்வரைக்கும் போய்த் திரும்பியது அவளுக்குத் தெரியுமோ என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னேரம் போல் பவுசர் வந்தது. அதற்கு முன்னால் இரண்டு பேர் தேங்காய் உடைத்தார்கள். தாங்கியில் இறக்கி, அளந்து, நான் குழாயைக் கையில் எடுத்தபோது செட்டே ஆரவாரித்தது. முதலில் பஸ்களுக்கு அடிக்கச் சொல்லி உத்தரவு. ஒரு பஸ் சாரதி கண்ணாடியால் எட்டிப் பார்த்து, "கெதியா அடிங்கண்ணே, வாழைச்சேனையில கோச்சிச் சனம் விடிஞ்சதில இருந்து நிக்குதாம், ஏத்திட்டு வரோணும்" என்றார். நான் அடித்தேன். அளவுக்கு மேல் ஒரு துளியும் விடவில்லை. பஸ் வடக்கே போனது.

பிறகு ஆட்டோக்கள், வான்கள், மோட்டார் சைக்கிள்கள். எனக்குக் கை வலித்தது, மூக்கெல்லாம் எண்ணெய் மணம், கண் எரிந்தது. ஒவ்வொருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நாள்கணக்காக என்னைத் திட்டிய வாய்கள். அன்றைக்கு அந்த நல்ல வார்த்தைகள்தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தன. கானில் வாங்குகிறவர்களின் முறை வந்தபோது ஏறாவூர்ப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்னார்கள். அந்த நேரம் அவள் விமான நிலையத்துக்குள் போயிருக்கவேண்டும்.

உன்னிச்சை விவசாயி கானை நீட்டினார். அது பாதி நிரம்பும்போது வடக்கே போன பஸ் வந்து செட்டுக்கு முன்னால் நின்றது. கொண்டக்டர் பெரிய பெட்டியை இறக்கி வைத்தார். பின்னால் மகள் இறங்கினாள். விமானத்துக்கென்று அம்மா தைத்துக் கொடுத்த உடுப்பு வேர்வையில் நனைந்து, கசங்கிக் கிடந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையை ஊடறுத்து என்னிடம் வந்தாள். நான் குழாயை எடுத்துத் தொங்கவிடப் போனேன்.

"நிப்பாட்டாதீங்கப்பா. சனம் நிக்குது" என்றாள்.

நான் நிறுத்தவில்லை. அவள் என் பக்கத்தில் நின்றாள். விவசாயி நிரம்புகிற கானையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி முகம் நிறையச் சிரித்தார். அவருக்கு அன்றைக்கு உலகமே நல்லதாகத் தெரிந்திருக்கும்.

"மகளா தம்பி? பெட்டியெல்லாம் பெருசா இரிக்கி. எங்க மகள் போயிட்டு வாறீங்க?"

பதிலை அவளே சொன்னாள்.

"வாழைச்சேனைக்குப் போயிட்டு வாறன் ஐயா."